பிரஷர் இறங்கிய பிறகும் எதற்கு நடக்க வேண்டும்?

குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து சிம்ஸ் பூங்காவுக்கு ஏறும் வழியில் என் பெரியம்மா வீடு இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். வேலையை விட்டு ஏழு வருடம் ஆகிறது. போன மழைக்காலத்தில் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னதால் எக்கோ எடுத்தோம். இதயத்தின் இடது கீழறைச் சுவர் 13 மில்லிமீட்டர் என்று அறிக்கையில் இருந்தது. பெண்களுக்கு அது 9 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: "ரொம்ப வருஷமா பிரஷர் இருந்திருக்கும்மா, ஹார்ட் தடிச்சிருக்கு. மாத்திரையை விடாதீங்க, தினமும் நடங்க."

மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதத்தில் 170/100 இருந்த அளவு 130/80-க்கு வந்தது. அன்றைக்குத்தான் பெரியம்மா கேட்டார். "ஏம்ப்பா, மாத்திரையிலயே பிரஷர் நார்மல் ஆயிடுச்சே. அப்புறம் இந்தக் குளிர்ல நான் எதுக்கு நடக்கணும்?"

சரியான கேள்வி. அழுத்தம் மட்டும்தான் இதயத்தைக் கெடுக்கிறது என்றால், அது இறங்கியதும் விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் கடந்த 20 ஆண்டு ஆராய்ச்சியில் இன்னொரு தரப்பும் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது: நம்முடைய நோய் எதிர்ப்பு செல்கள். உயர் ரத்த அழுத்தம் இதயத்துக்குச் செய்யும் கெடுதலில் ஒரு பெரிய பங்கு இந்த செல்கள் வழியாகத்தான் நடக்கிறது. உடற்பயிற்சி செய்யும் நன்மையிலும் ஒரு பங்கு இந்த செல்களிடம்தான் நடக்கிறது. அன்று வாசலில் நின்றபடி நான் பெரியம்மாவுக்குச் சொன்ன பதில் அரைகுறையானது. முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தடிப்பும் தழும்பும்

இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை, எதிரே இருக்கும் அழுத்தத்தைத் தாண்டித்தான் ரத்தத்தை வெளியே தள்ள வேண்டும். அந்த அழுத்தம் வருடக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் தசை தடிக்கிறது. முதலில் இது ஒரு சமாளிப்புதான். சுவர் தடித்தால் ஒவ்வொரு தசை இழையின் மீதும் விழும் இழுவை குறையும். கனமான மூட்டையை ஒற்றைக் கயிற்றில் கட்டித் தூக்குவதற்கும் நாலு கயிற்றில் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் போல.

தடிப்பு மட்டும் என்றால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. நீண்டதூர ஓட்டக்காரர்களுக்கும் இதயம் கொஞ்சம் பெருத்துத்தான் இருக்கும். பயிற்சியை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பும். பிரஷரால் தடித்த இதயத்தில் தசையோடு சேர்ந்து தழும்பும் வளர்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

இதயம் என்றால் முழுக்கத் தசை என்று நினைக்கிறோம். எண்ணிக்கையில் பார்த்தால் தசை செல்கள் பாதியைத் தாண்டாது. ரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்கள், நார் நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், நோய் எதிர்ப்பு செல்கள் எல்லாம் அந்தச் சுவருக்குள்ளேயே குடியிருக்கின்றன. ஃபைப்ரோபிளாஸ்ட் நெய்யும் கொலாஜன் நார்தான் தசைகளைச் சேர்த்துப் பிடிக்கும் வலை. கொஞ்சம் இருந்தால்தான் இதயம் உருக்குலையாமல் இருக்கும். அதிகமாகிவிட்டால் சுவர் விறைத்துப்போகும்.

விறைத்த இதயம் சுருங்குவதில் குறை வைக்காது, விரிவதில்தான் திணறும். பெரியம்மாவின் அறிக்கையில் பம்பிங் 62 சதவீதம் என்று இருந்தது. பம்பிங் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள். நானும்தான். விரியாத அறைக்குள் ரத்தம் எளிதாக இறங்காது, பின்னால் நுரையீரலில் தேங்கும் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மேட்டில் ஏறும்போது, இதயம் வேகமாகத் துடித்து நிரம்பும் நேரம் குறையும்போது, மூச்சு முட்டும். சமவெளியில் இன்னும் சில வருடம் தெரியாமல் இருந்திருக்கலாம். குன்னூர் மேடு முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிட்டது.

சரி, தழும்பு போடச் சொல்லி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கு யார் உத்தரவு கொடுக்கிறார்கள்?

முள் குத்திய இடத்தில் கூடியவர்கள்

சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் பாஸ்டர் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1907-இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கியது. நோய் எதிர்ப்பு சக்தி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அங்கே நடக்கும் தடுப்பூசி வேலைதான். வெளியிலிருந்து கிருமி வருகிறது, உள்ளே இருக்கும் படை எதிர்க்கிறது. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு இதய நோயைப் புரிந்துகொள்ள முடியாது, ஏனென்றால் பிரஷரில் கிருமியே கிடையாது.

அதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும். 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் இலியா மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போன்ற ஒரு நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி ஊர்ந்து திரியும் செல்கள் கூடி நின்றன. அந்நியப் பொருளை விழுங்கப் பார்க்கும் இந்த செல்களின் வகையறாவைத்தான் இன்று பெருவிழுங்கி என்கிறோம், மருத்துவர்கள் மேக்ரோஃபேஜ் என்பார்கள். பிறகு அவர் பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார், 1908-இல் நோபல் பரிசும் பெற்றார். எனக்கு அந்தச் சோதனையில் முக்கியமாகப் படுவது, அங்கே குத்தியது ஒரு முள் என்பது. இந்த செல்கள் கிருமிக்காக மட்டும் வருவதில்லை. திசு கிழிந்தாலும், இழுபட்டாலும், வாடினாலும் வரும். வந்து சுத்தம் செய்யும், அப்புறம் பழுது பார்க்கும்.

உயர் ரத்த அழுத்தம் ஓயாமல் குத்தும் ஒரு முள்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு எளிய வழி இருக்கிறது. நம் மலைச்சாலைகளில் தினமும் மண்வெட்டியோடு போகும் சாலைப் பணியாளர்களைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டுக் கால்வாயில் அடைத்த சருகை எடுப்பார்கள், சரிந்த கல்லை ஒதுக்குவார்கள். பெரிய சத்தம் இருக்காது. 2009 நவம்பரில் நடந்ததுபோல் பெரிய மண்சரிவு வந்தால் கதை வேறு. வெளியிலிருந்து ஆட்களும் இயந்திரங்களும் வருவார்கள், அவசரமாகக் கான்கிரீட் சுவர் எழுப்புவார்கள். அந்த நேரத்துக்கு அது தேவைதான். ஆனால் மழை பெய்யும் போதெல்லாம் வந்து, சரியாத இடத்திலும் கான்கிரீட் ஊற்றிக்கொண்டே போனால் மலை என்னவாகும்?

இதயத்திலும் இப்படி இரண்டு வகை பெருவிழுங்கிகள் உண்டு. ஒரு வகை, நாம் கருவில் இருக்கும்போதே இதயத்தில் குடியேறி அங்கேயே பெருகிக்கொள்பவை. செத்த செல்களை அகற்றுவது, தசை செல்கள் வெளியே தள்ளும் கழிவை விழுங்குவது, சிறு ரத்தக் குழாய்கள் வளர உதவுவது என்று அமைதியாக வேலை செய்பவை. உயர் ரத்த அழுத்தம் உண்டாக்கிய எலிகளில் இந்த உள்ளூர் செல்களை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். தழும்பு அதிகமானது. ஆக, இவை இதயத்துக்குக் காவல்.

இரண்டாவது வகை, எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மோனோசைட் என்ற வெள்ளை அணுவாக ரத்தத்தில் மிதந்து வந்து, இதயத்துக்குள் நுழைந்த பிறகு பெருவிழுங்கியாக மாறுபவை. மண்ணீரலிலும் இவற்றின் கையிருப்பு ஒன்று உண்டு என்பதை 2009-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிரஷரோடு நெருங்கிய தொடர்புடைய ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோன் அந்தக் கையிருப்பைத் திறந்துவிடும் சாவிகளில் ஒன்று. இப்படி வந்தவைதான் அழற்சியை, அதாவது காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவது போன்ற எதிர்வினையைத் தூண்டும் ரசாயனங்களைக் கக்குகின்றன, ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கொலாஜன் நெய்யத் தூண்டுகின்றன. எலிகளில் இவற்றை ஆரம்பத்திலேயே தடுத்தால் இதயம் தடிப்பதும் கெடுவதும் குறைகிறது.

பெருவிழுங்கிகளோடு டி-செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களும் கூட்டு. 2007-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹாரிசன், டொமாஷ் குஜிக் குழுவினர் செய்த சோதனை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. பிறவியிலேயே டி-செல்லும், இன்னொரு வெள்ளை அணு வகையான பி-செல்லும் இல்லாத எலிகளுக்கு ஆஞ்சியோடென்சின்-2 செலுத்தினார்கள். சாதாரண எலிகளுக்கு ஏறுவதுபோல் பிரஷர் ஏறவில்லை. வெளியிலிருந்து டி-செல்களைக் கொடுத்ததும் ஏறியது. பி-செல்களைக் கொடுத்தபோது ஏறவில்லை. அதாவது நோய் எதிர்ப்பு செல்கள் சேதத்துக்குப் பிறகு வந்து சேர்பவை மட்டும் இல்லை, பிரஷரை ஏற்றுவதிலேயே அவற்றுக்குப் பங்கு உண்டு. இதற்கான தடயம் 1960-களிலேயே எலிகளில் கிடைத்திருந்தது. சிறுநீரகம், நரம்பு, உப்பு என்று எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் அது 40 வருடம் ஓரமாகக் கிடந்தது.

டி-செல்களிலும் எல்லாம் ஒரே ரகம் இல்லை. மற்ற செல்களை அடக்கி வைக்கும் கட்டுப்பாட்டு டி-செல்கள் உண்டு. அவற்றை எலிகளுக்குக் கூடுதலாகக் கொடுத்தபோது, ஆஞ்சியோடென்சின் ஏற்றிய பிரஷர் அப்படியே இருந்தும் இதயத்தின் சேதம் குறைந்தது. அழுத்தம் மாறவில்லை, இதயம் மட்டும் தப்பித்தது. பெரியம்மாவின் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது.

மனிதர்களிடமும் இதே போன்ற ஒரு குறிப்பு இருக்கிறது. 2002-இல் வெளிவந்த லைஃப் ஆய்வில், இதயம் தடித்த 9,193 உயர் ரத்த அழுத்த நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு லோசார்டன், பாதிப் பேருக்கு அட்டெனலால். இரண்டிலும் பிரஷர் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இறங்கியது. ஆனால் ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் லோசார்டன் சாப்பிட்டவர்களுக்கு இதயத் தடிப்பு அதிகமாகக் குறைந்தது, பக்கவாதமும் குறைவாக வந்தது. மீட்டர் காட்டும் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டாம். யாருக்கு எது என்பதைச் சிறுநீரகம், சர்க்கரை, நாடித்துடிப்பு எல்லாம் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார்.)

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பிடும் உப்பில் ஒரு பகுதி தோலுக்கு அடியில் தங்குகிறது. அங்கே இருக்கும் பெருவிழுங்கிகள் அதை உணர்ந்து, வடிகால் குழாய்களை வளர்த்து, உப்பை வெளியேற்ற உதவுகின்றன என்று 2009-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டார்கள். உப்புச் செறிவு கூடினால் டி-செல்களில் ஒரு பகுதி அழற்சியைத் தூண்டும் ரகமாக மாறுகிறது என்பது 2013-இல் வந்த கண்டுபிடிப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு. மேலே குளிருக்கு இதமாக இருக்கிறது என்று நாம் தொட்டுக்கொள்ளும் கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன என்று வீட்டில் ஒரு நாள் யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் அழற்சியை மருந்தால் அடக்கிவிடலாமே? முயன்றார்கள். டி.என்.எஃப் என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கொடுத்த ஆய்வு 2003-இல் வந்தது. அதிக அளவு மருந்து பெற்றவர்களின் நிலை மோசமானது. 2017-இல் வந்த கேன்டாஸ் ஆய்வில், மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் வேறொரு அழற்சி எதிர்ப்பு மருந்தைச் சோதித்தார்கள். 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 15 சதவீதம் குறைந்தன. அழற்சி இதய நோய்க்கு ஒரு காரணம் என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கொஞ்சம் கூடின. சாலைப் பணியாளர்களையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினால் கால்வாய் அடைக்கத்தான் செய்யும். தேவைப்படும்போது வர வேண்டும், வேலை முடிந்ததும் போக வேண்டும், தேவையில்லாதபோது ஆள் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும். அந்த நிதானத்தை ஒற்றை மருந்தால் கொண்டுவருவது கடினம்.

நடக்கும்போது உள்ளே நடப்பது

அந்த நிதானத்தை உடற்பயிற்சி ஓரளவு கொண்டுவருகிறது. எப்படி என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி.

வேகமாக நடக்க ஆரம்பித்த சில நிமிடங்களில் அட்ரினலின் கூடுகிறது. ரத்தக் குழாய்ச் சுவர்களிலும் மண்ணீரலிலும் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் இறங்கிச் சுற்ற ஆரம்பிக்கின்றன. நடை முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் எண்ணிக்கை இறங்கும், சில நேரம் முதலில் இருந்ததைவிடவும் கீழே. பயிற்சிக்குப் பிறகு எதிர்ப்பு சக்தி குறைகிறது என்று இதை முன்பு தவறாகப் புரிந்துகொண்டார்கள். அந்த செல்கள் எங்கும் தொலையவில்லை, நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்கு ரோந்து போயிருக்கின்றன என்பதுதான் இப்போதைய விளக்கம்.

அடுத்தது தசை. கோபன்ஹேகனைச் சேர்ந்த பென்டே பெடர்சன் குழுவினர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு புதிரான விஷயத்தைப் பார்த்தார்கள். வேலை செய்யும் கால் தசையே இன்டர்லூகின்-6 என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது. மாரத்தான் ஓடியவர்களுக்கு அது 100 மடங்கு வரை கூடும். புதிர் என்னவென்றால், அது அழற்சிப் பொருள் என்று பேர் வாங்கியது. பிரஷர், பருமன், சர்க்கரை உள்ளவர்களுக்கு ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பது கெட்ட அறிகுறி. பிறகு எப்படி உடற்பயிற்சி நல்லதாகிறது?

விடை காலத்தில் இருக்கிறது. தொப்பைக் கொழுப்பும் அழற்சி செல்களும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, இரவும் பகலும், வருடக்கணக்கில் கசியவிடுகின்றன. தசை விடுவது ஒரு அலை: எழும், ஒரு மணி நேரத்தில் வடிய ஆரம்பிக்கும். போகிற போக்கில் அழற்சியைத் தணிக்கும் வேறு பொருள்களை ரத்தத்தில் எழுப்பிவிட்டுப் போகும். அவற்றில் ஒன்று இன்டர்லூகின்-10. அதையும் முழுக்க நல்லது என்று முத்திரை குத்த முடியாது. உப்பும், உடலில் உப்பைப் பிடித்து வைக்கும் அல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனும் கொடுத்து இதயத்தை விறைக்க வைத்த எலிகளில், இதயத்துக்குள் இருக்கும் பெருவிழுங்கிகள் ஓயாமல் சுரக்கும் அதே இன்டர்லூகின்-10 ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்டித் தழும்பை வளர்த்தது என்று 2018-இல் கண்டார்கள். ஒரே பொருள்தான். எங்கே, எவ்வளவு நேரம், யார் கையிலிருந்து என்பதைப் பொறுத்து அதன் வேலை மாறுகிறது. அதனால்தான் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி, குறைக்கும் கஷாயம் என்று விற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கூட்டுவதும் குறைப்பதும் இங்கே கேள்வியே இல்லை.

மூன்றாவது எலும்பு மஜ்ஜை. இது 2019-இல் பாஸ்டன் ஆய்வுக்குழு ஒன்று வெளியிட்டது. எலிகளின் கூண்டில் ஒரு சக்கரத்தை வைத்தார்கள். யாரும் விரட்டவில்லை, அவையாகவே இஷ்டத்துக்கு ஓடின. 6 வாரம் கழித்துப் பார்த்தபோது, ஓடிய எலிகளின் எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்களை உருவாக்கும் மூல செல்கள் அமைதியாக இருந்தன. ரத்தத்தில் அழற்சி செல்கள் குறைவு. காரணத்தைத் தேடிப் போனால் கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனில் முடிந்தது. ஓட்டம் லெப்டினைக் குறைத்தது. லெப்டின் குறைந்ததும், மஜ்ஜையில் மூல செல்களைச் சுற்றியிருக்கும் துணை செல்கள் "இப்போது அவசரமில்லை, தூங்கு" என்ற சமிக்ஞையைக் கூட்டின. ஓட்டத்தை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு இந்த மாற்றம் நீடித்தது. தொற்று வந்தபோது தேவையான வெள்ளை அணுக்களைத் தரும் திறனும் குறையவில்லை. மருந்துகள் தடுமாறிய இடத்தில் ஓட்டம் தடுமாறவில்லை. மண்சரிவுக்கு வரும் வெளியாட்களைப் பிறக்கும் இடத்திலேயே மட்டுப்படுத்துவது என்றால் இதுதான்.

நான்காவதாக, நடையின்போது ரத்தம் வேகமாக ஓடுவதால் குழாய்ச் சுவர்கள் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் சுரக்கின்றன. குழாய் தளர்கிறது, மோனோசைட்டுகள் சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் பசைப் புரதங்களும் குறைகின்றன. ஒட்டாத மோனோசைட் உள்ளே நுழையாது. ஒரு நடைக்குப் பிறகு பிரஷர் பல மணி நேரம் இறங்கியே இருப்பதற்கும் குழாய் தளர்வதுதான் முக்கியக் காரணம். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தொடர்ந்த நடைப்பயிற்சி மேல் அளவை 5 முதல் 8 புள்ளி வரை குறைக்கிறது. அது ஏறக்குறைய ஒரு மாத்திரையின் வேலை.

மேலே சொன்னதில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தது. உயிரோடிருக்கும் மனிதர்களின் இதயத்தைக் கிள்ளியெடுத்துச் செல்களை எண்ண முடியாது. ஆனால் கடைசி விளைவை மனிதர்களில் அளந்திருக்கிறார்கள். 1995-இல் அமெரிக்காவில் கடுமையான உயர் ரத்த அழுத்தம் உள்ள 46 கறுப்பின ஆண்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. எல்லோரும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். ஒரு பிரிவினர் மட்டும் வாரத்துக்கு 3 நாள், 16 வாரம், ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளை மிதித்தார்கள். அவர்களுடைய கீழ் அளவு இறங்கியது, தடித்த இதயச் சுவர் மெலிந்தது. 16 வாரம் என்பது நாலு மாதம்கூட இல்லை.

நம் மேட்டில் நடப்பது

நீலகிரி மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12-க்கு 1 சரிவில் ஏறுகிறது. பல்சக்கரம் இல்லாமல் அந்த ரயிலால் ஏற முடியாது. நம் தெருக்களில் பலவும் அந்தச் சரிவுக்குக் குறைந்தவை இல்லை. சமதரையில் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் அதே வேகத்தில் 12-க்கு 1 மேட்டில் ஏறினால், உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதோடு குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே சென்னையில் எழுதப்பட்ட "தினமும் 30 நிமிடம் விறுவிறுப்பாக நடங்கள்" என்ற வரியை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால் மிதமான பயிற்சி கடுமையான பயிற்சியாகிவிடும்.

மிதமானது என்பதற்கு எளிய அளவுகோல் பேச்சு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மேட்டில் அதற்கு ஆமை வேகம்தான் வேண்டும் என்றால் ஆமை வேகமே சரி. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்சக் கணக்கு. அதைப் பத்துப் பத்து நிமிடமாகவும் பிரித்துக்கொள்ளலாம். பிறவியிலேயே பிரஷர் கூடும் எலி வகை ஒன்று இருக்கிறது, 1963-இல் ஜப்பானின் கியோட்டோவில் உருவாக்கியது. அவற்றுக்கு மிதமான ஓட்டம் தழும்பைக் குறைக்கிறது. பிரஷருக்கு மருந்தே கொடுக்காமல் மாதக்கணக்கில் கணக்கின்றி ஓடவிட்ட சில சோதனைகளில் தழும்பு கூடியது. முள்ளை எடுக்காமல் ஓட மட்டும் செய்தால் போதாது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மாத்திரை முள்ளைத் தளர்த்துகிறது, நடை கூடும் செல்களை நெறிப்படுத்துகிறது. 180/110-க்கு மேல் இருக்கும்போது பயிற்சியை ஆரம்பிக்கவே கூடாது, முதலில் டாக்டர். நடக்கும்போது நெஞ்சில் பாரமோ தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இதையெல்லாம் சொன்னபோது பெரியம்மா விடவில்லை. "முப்பது வருஷம் அந்தச் சரிவுல ஏறி இறங்கினேனே, அது நடை இல்லையா? அப்புறம் எனக்கு எப்படி பிரஷர் வந்துச்சு?"

இந்தக் கேள்வி என்னைச் சங்கடப்படுத்தியது. வேலையில் செய்யும் உடலுழைப்பும் ஓய்வு நேர உடற்பயிற்சியும் இதயத்துக்கு ஒரே பலனைத் தருவதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் நீண்ட நாளாகச் சொல்லி வருகிறார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் தோட்ட வேலையை நினைத்துப் பார்த்தால் எனக்கு அது பொருந்தி வருகிறது. கொழுந்து பறிப்பவர் மணிக்கணக்கில் நிற்கிறார், குனிகிறார், கைகள் மட்டும் ஓடுகின்றன. நிறைந்த மூட்டையை மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குகிறார், அந்த நொடியில் பிரஷர் எகிறுகிறது. இடையில் உட்கார நேரம் இல்லை, எடை குறைந்தால் கூலி குறையும் என்ற கவலை வேறு. நாள் முழுக்கப் பிரஷர் கொஞ்சம் ஏறியே இருக்கிறது. உடற்பயிற்சியின் பலனோ ஏறி இறங்கும் அந்த அலையில் இருக்கிறது, ஏறிய பிறகு கிடைக்கும் ஓய்வில் இருக்கிறது. அப்புறம், பழைய உழைப்பு வங்கியில் போட்ட பணம்போல் தங்குவதும் இல்லை. பெரியம்மாவின் கடைசி ஏழு வருடம் வீட்டுக்குள்ளேயே போய்விட்டது, கடைக்குப் போனாலும் ஆட்டோதான். தன் உடம்பைக் கொடுத்து உழைத்தவரிடம் "நீங்கள் போதுமான அளவு நடக்கவில்லை" என்று சொல்வது நியாயமாகவும் படவில்லை. அவரிடம் சொன்னேன்: "அது தோட்டத்துக்காக நடந்தது பெரியம்மா. இது உங்களுக்காக."

நேரம் பற்றி. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை நடை இங்கே வேண்டாம். குளிர் தோலின் ரத்தக் குழாய்களை இறுக்கும், பிரஷர் ஏறும். உறைபனிக் காலத்தில் நம் அளவுகள் கோடையைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் காரணம். அந்த நேரத்தில் தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் நிற்கும் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெயில் ஏறி, பனி விலகி, எட்டரை ஒன்பது மணிக்குத் தொப்பியும் ஸ்வெட்டருமாகக் கிளம்பினால் இரண்டு கவலையும் தீரும்.

பிரஷர் பார்ப்பதிலும் ஒன்று இருக்கிறது. மேடேறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைந்ததும் கையை நீட்டிவிடுகிறோம். அந்த அளவு மேட்டின் அளவு. குறைந்தது 5 நிமிடம் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் வந்த பிறகு மாத்திரையும் அளவு பார்ப்பதும் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. மலைக் கிராமங்களுக்கு அது பெரிய உதவி. பெரியம்மா வீட்டுக்கும் அப்படித்தான் மாத்திரை வருகிறது.

இப்போது ஒன்பது மணிக்குக் கிளம்புகிறார். வீட்டிலிருந்து இரண்டாவது வளைவு வரை, 12 நிமிடம். அங்கே மதகடியில் சாலைப் பணியாளர்கள் சருகு அள்ளிக்கொண்டிருந்தால் நின்று விசாரிப்பார், அப்புறம் திரும்பி இறங்குவார். முதல் மாதம் அந்த வளைவில் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை, கையைத்தான் ஆட்டினார். போன வாரம் நான் கூடப் போனபோது, வளைவுக்கு இருபது அடி முன்னாலேயே அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.